மண்டோர் சிவானந்தத்தின் பீப்

“ஏசாம எந்தப் பொருளும் நகராதுய்யா. லோரி நகராது, மாடு நகராது, மனுசன் நகரவே மாட்டான். ஏசாம ஒண்ணே ஒண்ணு நகர்ந்துச்சுன்னு எவனாச்சும் காட்டட்டும், மண்டோர் வேலைய விட்டுட்டு மாடு மேய்க்கப் போறேன்!”

மண்டோர் சிவானந்தம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது மலேசியாவின் அசாம் ஜாவா என்ற சிற்றூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில், முதல் ரொட்டி சானாய்க்கும் இரண்டாவது ரொட்டி சானாய்க்கும் நடுவே. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் என்ன கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அங்கிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் தோட்டத்தில் அவர் முப்பத்திரண்டு வருட மண்டோர். விடியும்போது ஆட்களைப் பெரட்டு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது, வெட்டிய குலைகள் லோரியில் ஏறி முடியும்வரை பின்னால் நின்று ஏசுவது, இவை இரண்டும் அவருடைய கடமைகள். இரண்டாவதைத்தான் அவர் கலையாகச் செய்தார். இனம், மதம், நாடு பார்த்து அவர் ஏசியதே இல்லை. இன்றைக்கு ஏசியதை நாளைக்கு அப்படியே திருப்பிச் சொல்லும் சோம்பேறித்தனமும் அவரிடம் கிடையாது. ஒரு மனிதனைத் திட்டத் தொடங்கினால் அவனுடைய முப்பாட்டன்வரை போய், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வருவார்.

தமிழுக்கு அவர் செய்த தொண்டை இதுவரை எந்தச் சங்கமும் கண்டுகொள்ளாதது பெரிய அநியாயம். வங்காள தேசத்திலிருந்தும் லொம்போக் தீவிலிருந்தும் வந்த அத்தனை பேருக்கும் அவர்தான் தமிழ் கற்றுக்கொடுத்தார். பாடத்திட்டம் மட்டும் கொஞ்சம் காரம். தண்ணீருக்குத் தமிழில் என்ன என்று தெரியாதவனுக்குக்கூட, அடுத்தவனுடைய அம்மாவைப் பற்றித் தமிழில் என்ன சொல்லலாம் என்று தெரிந்திருந்தது.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மகள் தனுஜாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

தனுஜா கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். கூட வேலை செய்யும் வசீகரனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. பையனுடைய அப்பாதான் பிரச்சினை. துரைசிங்கம், கோலசிலாங்கூர் டவுனில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூன்று தலைமுறைக்கு முன்னால் யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி என்ற குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் நாயைக்கூட ‘வாங்கோ’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு. அந்தத் துரைசிங்கம், மனைவியோடும் மகனோடும், அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டைப் பார்க்க வருகிறார்.

“அப்பா, வசீ சொல்லிட்டாரு. அவங்க அப்பாவுக்கு வீடு சின்னதா இருந்தா பரவாயில்லையாம், சாதி கீதி பரவாயில்லையாம். ஆனா மரியாதை இல்லாத பேச்சு மட்டும் ஆகவே ஆகாதாம். எழுந்து போயிடுவாராம்.”

“நான் என்ன மரியாதை இல்லாம பேசிட்டேன்? எந்த...” என்று தொடங்கிய சிவானந்தம், மகளுடைய எதிர்காலத்தைப் பற்றிய அந்த ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வார்த்தைகளைச் செருகிவிட்டார். மூன்றையும் இங்கே எழுத முடியாது.

சமையலறையிலிருந்து மனைவி புஷ்பாவின் குரல் வந்தது. “பொண்ணு இந்த வீட்டுலயே இருந்து கிழவியாகட்டும். நான் டீ கலக்கிற வேலையாவது மிச்சம்.”

தனுஜாவுக்குக் கண் கலங்கியது. சிவானந்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்திரண்டு வருடமாக எத்தனையோ பேரை அவர் ஏசியிருக்கிறார், ஒருவனும் அழுததில்லை.

“சரி லா, சொல்லு. என்ன செய்யணும்?”

“டிவியில கெட்ட வார்த்தை வர்ற இடத்துல என்ன பண்றாங்க? பீப்னு ஒரு சத்தம் போடுறாங்கல்ல? அந்த மாதிரி உங்களுக்கு நீங்களே போட்டுக்குங்க. ஒரு மாசம் பழகினா வாய் தானா வந்துடும்.”

பீப் என்பது சத்தத்தைக் கேட்டுச் செய்த சின்னச் சொல். அதற்கு வெள்ளைக்காரன் கொடுத்து வைத்திருந்த உத்தியோகமெல்லாம் மிகவும் சாதாரணம். லோரி பின்னால் வருகிறது, விலகு. சோறு வெந்துவிட்டது, இறக்கு. பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, மாற்று. அதற்கு மேல் அது எதையும் சாதித்ததில்லை. அதற்குப் பதவி உயர்வு கிடைத்தது சிவானந்தத்தின் வாயில்தான்.

மறுநாள் பெரட்டில் முதல் பரிசோதனை. ரஃபீக் என்ற வங்காள தேசத்து ஆள், அரிவாளை மறந்துவிட்டு வந்து நின்றான். சிவானந்தம் மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“டேய் பீப்!”

அத்தனை பேரும் ஒரே குதியாகக் குதித்து ஓரத்துக்குப் போனார்கள். லோரி எந்தப் பக்கம் ரிவர்ஸ் வருகிறது என்று நாலு திசையும் திரும்பிப் பார்த்தார்கள். லோரி இல்லை. மண்டோர் மட்டும் நடு மைதானத்தில் தனியாக நின்றார்.

உதிரிப்பழம் பொறுக்கும் குமுதா, தோட்டத்தில் அவருக்குப் பயப்படாத ஒரே ஆத்மா, முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். “என்னண்ணே, உடம்புல எதாச்சும் பேட்டரி வச்சிருக்காங்களா?”

“பீப் நீ வாய மூடு!”

“ஐயோ, எனக்குமா!”

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இரண்டாவது வாரத்தில் பீப்புக்கு இலக்கணமே வந்துவிட்டது. சின்ன பீப் என்றால் சோம்பேறி. கொஞ்சம் இழுத்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்களும் அதில் அடக்கம். இரண்டு பீப்புக்கு நடுவில் மூச்சு விட்டால், அன்றைக்கு அவன் கண்ணில் படாமல் இருப்பது உத்தமம். ‘அந்த பீப் மரத்துல ஏறி, பீப் குலைய வெட்டி, பீப்பாம கீழ போடு’ என்று பெயராகவும் வினையாகவும் அதை அவர் புழங்கினார். ஒரு சந்தேகமும் இல்லாமல் குலை கீழே விழுந்தது.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காதீங்க,” என்றாள் குமுதா. “முன்ன நீங்க ஏசினா என்ன வார்த்தைன்னு தெரியும், காதுல வாங்கி அந்தாண்ட விட்டுடுவேன். இப்ப வெறும் பீப்புன்னா எந்த வார்த்தையா இருக்கும்னு நாள் பூரா யோசிக்க வேண்டியிருக்கு. நீங்க நினைக்காததெல்லாம் எனக்குத் தோணுது. மனசு கெட்டுப்போகுதுண்ணே.”

இது சிவானந்தம் எதிர்பார்க்காத விளைவு. மூன்றாவது வாரத்தில் நிலைமை இன்னும் முற்றியது. அழுக்கைத் துடைக்கக் கொடுத்த துணியே அழுக்காகிவிட்டது. லோரி பீப் போட்டுப் பின்னால் வந்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோலசிலாங்கூர் பேரங்காடியில் சாமான்களை மிஷினில் காட்டிக்கொண்டிருந்த பெண்ணை, ஒவ்வொரு சாமானுக்கும் தன்னை ஏசுகிறாளோ என்று சிவானந்தம் முறைத்துப் பார்த்தார். கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒரு நீண்ட பீப் போட்டபோது, “நான் என்ன பண்ணேன்?” என்று அதனிடமே கேட்டார்.

புஷ்பா துணி துவைக்கும் மிஷினைச் சாயங்காலத்தில் போடுவதையே நிறுத்திவிட்டாள். “நீ ஒருத்தன் பேசினா போதும்யா. அதுவும் சேர்ந்து பேச வேணாம்.”

ஆனாலும் மனிதர் ஜெயித்துவிட்டார். அந்த மாதம் முழுக்க அவர் வாயிலிருந்து ஓர் அசல் வார்த்தைகூட வரவில்லை. வந்ததெல்லாம் நகல்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. காலையில் கொட்டிய மழையில் தோட்டத்துச் செம்மண் பாதை களியாகிக் கிடந்தது. சிவானந்தம் புது வேட்டி கட்டி, ஒருமுறைக்கு இருமுறை வாயைக் கொப்பளித்துவிட்டு, வாசலில் நின்றார். மூன்றரை மணிக்கு, வீட்டுக்கு நூறு அடி தூரத்தில், துரைசிங்கத்தின் பெரிய வெள்ளைக் கார் தெரிந்தது. முன்னால் பெரிய சேற்றுக் குழியைப் பார்த்துக் கார் நின்றது. சுற்றிப் போகலாம் என்று பின்னால் எடுத்தது. எடுக்கும்போது கார் பீப், பீப் என்று எச்சரித்தது. இன்னும் வேகமாக எச்சரித்தது. கடைசியில் ஒரே மூச்சாகக் கத்தியது. முப்பத்தைந்து வருடம் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவர் காரின் பேச்சைக் கேட்பாரா? பின்சக்கரம் இரண்டும் வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்தன.

சிவானந்தம் ஓடினார். பின்னாலேயே தனுஜாவும் புஷ்பாவும் ஓடினார்கள். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் சமைத்துக்கொண்டிருந்த ரஃபீக்கும் இன்னும் ஐந்து பேரும், வேடிக்கை பார்க்கக் குமுதாவும் வந்து சேர்ந்தார்கள். காரிலிருந்து துரைசிங்கமும் அவர் மனைவி மங்கையற்கரசியும் வசீகரனும் மெதுவாக இறங்கினார்கள்.

“அப்பா,” தனுஜா காதோரம் வந்து சொன்னாள். “பீப்பும் வேணாம். இப்ப அது அசல் வார்த்தையவிட மோசமா இருக்கு. ப்ளீஸ்.”

சிவானந்தத்துக்குக் கையைக் கட்டிப்போட்டதுபோல ஆனது. காரைத் தூக்க வேண்டும், கையில் ஆறு ஆட்கள், வாயில் ஒன்றும் இல்லை. வழக்கம்போல மூச்சை இழுத்து, “டேய் பீ...” என்று தொடங்கி, மகளைப் பார்த்து அப்படியே விழுங்கினார். பாதியில் நிறுத்தியது முழுசாகச் சொன்னதைவிட மோசமாகப் போய்விட்டது. மங்கையற்கரசி மூக்கைச் சேலைத் தலைப்பால் லேசாகப் பொத்திக்கொண்டார்.

ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கார் இன்னும் ஓர் அங்குலம் கீழே போனது.

“மண்டோர், பீப் சொல்லுங்க,” என்றான் ரஃபீக் உண்மையான கவலையோடு. “பீப் இல்லாம கை வராது.” பிறகு விருந்தாளியைப் பார்த்து, தான் கற்ற தமிழிலேயே மிகவும் மரியாதையானதைத் தேர்ந்தெடுத்துச் சொன்னான். “அங்கிள், நீங்க பீப், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“என்னவாம் அந்தப் பெடியன் சொல்லுறான்?” என்றார் மங்கையற்கரசி.

“அது... கார் ரிவர்ஸ் போற பாஷைங்க,” என்றார் சிவானந்தம். வேர்த்துக் கொட்டியது. தனுஜாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

துரைசிங்கம் தள்ளித்தான் நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையோடு, வாய்க்கால் ஓரத்தில், ஓரடி பின்னால் வைத்தார். களிமண் வழுக்கியது. மனிதர் தொடைவரை சேற்றுக்குள் இறங்கிவிட்டார். இறங்கும்போது அவர் வாயிலிருந்து ஒரு சொல் புறப்பட்டது.

அச்சொல் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தது. மூன்று தலைமுறையாகப் பெட்டிக்குள் பூச்சி அரிக்காமல் பத்திரமாக இருந்திருக்கிறது. அதில் வாய்க்கால், கார், அந்தக் காரை விற்றவன், விற்றவனைப் பெற்றவள் எல்லாரும் அடங்கினார்கள். செம்பனைக்குள் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

“இஞ்சேருங்கோ!” என்றார் மங்கையற்கரசி.

வசீகரன் வானத்தைப் பார்த்தான். குமுதாவின் கண் ஆவலோடு மண்டோரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சிவானந்தம் அசையாமல் நின்றார். தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் இந்தச் சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பெரிய வித்துவான் முன்னால் தம்பூரா பிடிப்பவன்போல ஒரு பணிவு அவர் முகத்தில் வந்தது.

துரைசிங்கத்தின் முகம் சேற்றைவிடச் சிவந்திருந்தது. எழுந்து போகக்கூட வழியில்லாமல் சேற்றில் நின்றார்.

சிவானந்தம் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். “ஐயா, என் தோளப் புடிச்சிக்குங்க.”

தோளைப் பிடித்துக்கொண்ட துரைசிங்கம் தணிந்த குரலில் சொன்னார். “வாய் தவறிப் போட்டுது, சம்பந்தி. பிள்ளையள் கேட்டிருப்பினமோ?”

சம்பந்தி! மேலே நின்ற தனுஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எதுங்க ஐயா?” என்றார் சிவானந்தம். “எங்களுக்குக் கார் சத்தம்தான் கேட்டுச்சு. பீப், பீப்னு.”

அவரைக் கரையேற்றிவிட்டு, காரின் பின்பக்கம் போய்த் தன் தோளைக் கொடுத்தார். முழங்கால்வரை சேறு.

“ரஃபீக், இந்தப் பக்கம் என்கிட்ட வாப்பா,” என்றார். “மத்தவங்க அந்தாண்ட புடிச்சிக்குங்க. கால் வழுக்கும், பாத்து. எல்லாம் சேர்ந்து தூக்குவோம், என்னா? ஒண்ணு... ரெண்டு...”

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தோளைக் கொடுத்தார்கள். கார் ஒருமுறை உறுமி, குலுங்கி, மெதுவாக மேலே ஏறியது.