டிஸ்க்கில் அடங்காத பதினோரு நிமிடம்

மூக்கண்டப்பள்ளி பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். மாதாமாதம் கேமரா பதிவுகளை டிவிடியில் ஏற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்ய வேண்டும். எந்த ஃபைலோடு எதைச் சேர்த்தால் டிஸ்க் விளிம்புவரை நிரம்பும் என்று கண்டுபிடிப்பதில் எனக்குப் பெரிய கர்வம்.

ஒரு மாதம், பதினோரு நிமிடப் பதிவு ஒன்று மட்டும் எதிலும் அடங்கவில்லை. இதற்காகப் புது டிஸ்க்கா என்று எரிச்சல் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அழித்தேன்.

பிரஸ் மெஷினில் ஒப்பந்தத் தொழிலாளி மாதப்பாவின் வலது கை நசுங்கியபோது பதிவானது அது என்று பிறகுதான் தெரிந்தது. விபத்து நடந்ததும் மெயின் சுவிட்சை அணைத்ததால் பதிவு பாதியில் நின்றிருக்கிறது.

மாதப்பாவே மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டதாக விசாரணையில் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கட்டுப்போட்ட கையோடு மாதப்பா என்னிடம் வந்தார்.

"சார், அவருதான் பொடனியில அடிச்சு தடுப்பக் கழட்டச் சொன்னாரு. கேமராவுல இருக்கும், எடுத்துக் குடுங்க."

"டிஸ்க்குல எடம் பத்தலன்னு அழிச்சுட்டேங்க."

இடது கையால் அறைந்தார். நாற்காலியோடு சாய்ந்தேன், வாயெல்லாம் ரத்தம். மானிட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். செக்யூரிட்டிகள் ஓடிவந்து லத்தியால் விளாசினார்கள். கட்டுத்துணி சிவக்கச் சிவக்க அவரை இழுத்துப் போனதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அவர் என்னை அடித்தது மட்டும் கேமராவில் தெளிவாக விழுந்திருந்தது. போலீசுக்குக் கொடுக்க அதை ஏற்றித் தரச் சொன்னார்கள் நிர்வாகத்தில். நாற்பது நொடிப் பதிவு. அதற்கென்று ஒரு புது டிஸ்க்கைப் பிரித்தேன்.

இடம் வீணாகிறதே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.