கசெயோ, கெசெயோ

பீன்யாவில் எங்கள் தொழிற்சாலைக்குப் புது மிஷின் பொருத்த ஒரு கொரிய இன்ஜினியர் வந்திருந்தார். ஷிஃப்ட் முடிந்து நான் கிளம்பும்போது, யூடியூபில் பழகிய "அன்யொங்ஹி கசெயோ"வை அவரிடம் கெத்தாகச் சொன்னேன். அவரோ பையை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார்.

"நீங்கதானே போகச் சொன்னீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். போகிறவரிடம்தான் 'நல்லபடியா போங்க' என்கிற கசெயோவாம், இருப்பவரிடம் 'நல்லபடியா இருங்க' என்கிற கெசெயோ.

நானும் பதிலுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் கிளம்பும்போது "போறேன்" என்பதில்லை, "போயிட்டு வரேன்" என்போம்.

"திரும்பி வராவிட்டாலுமா?"

"ஆமா சார்."

வேலை முடிந்து அவர் கொரியாவுக்குக் கிளம்பிய அன்று, இந்தத் தடவை சரியாகவே "அன்யொங்ஹி கசெயோ" என்றேன். அவர் டாக்ஸி கண்ணாடியை இறக்கி, "போயித்து வரேன்" என்றார்.

இனி வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் என் வாய் தானாகவே, "வாங்க சார்" என்றது. தினமும் வாய்க்கு வருகிற சொல்தான். அன்றுதான் அதன் அர்த்தம் என் காதில் விழுந்தது.