சும்மா கொடுக்கக் கூடாத சட்டி

பேச்சு நடந்த அன்று வீட்டில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், சித்தப்பா வந்திருந்தார், நானும் இருந்தேன். அக்கா இல்லை. அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அவரும் இல்லை. பேச்சே அவர்களைப் பற்றியதாக இருந்ததால் அது வசதியாகவும் இருந்தது.

அத்தான் சங்கரன்கோவிலில் விசைத்தறி மெக்கானிக். கல்யாணமானதிலிருந்து அவருடைய அண்ணன் வீட்டோடு ஒன்றாக இருந்தார்கள். இப்போது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிச் சின்னதாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். திங்கட்கிழமை காலை பால் காய்ப்பு. பெண் வீட்டுச் சீராக என்ன கொண்டுபோவது என்பதுதான் பேச்சு.

"பித்தளை அண்டா வாங்கிருவோம். பேரு வெட்டிக் குடுத்தா காலத்துக்கும் நிக்கும்" என்றார் சித்தப்பா.

"அண்டால யாரு சமைக்கப் போறா? பிள்ளையோட சேத்து இருக்கது மூணு பேரு" என்றாள் அம்மா.

சமைக்கப் போவது யார் என்ற கேள்வி வந்ததும் சித்தப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த வீட்டில் சமையல் மேல் பைத்தியம் அக்காவுக்கு இல்லை, அத்தானுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காயின் காம்பைப் பிடித்துப் பார்த்து வாங்குவார். கல்யாண வீட்டில் ரசம் நன்றாக இருந்தால் இலையை மூடிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய்த் சமைக்கிற தவசிப்பிள்ளையிடம் மிளகை எப்போது போட்டார் என்று கேட்டு வருவார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை அவரைத் தேடி அலைந்தோம். அல்வாக் கடையில் கிண்டுகிற ஆளோடு பேசிக்கொண்டு நின்றார்.

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், சொதிக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் எடுக்க அடுக்களைக்குள் போனார். வெளியே சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா அவர்களைப் பார்த்து, "எங்க மாப்பிள்ளை தறிய விட அடுப்ப நல்லா ஓட்டுவாரு வே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். தேங்காயை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தன் வீட்டிலும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"நான் வைக்கதத் தின்னுட்டு எந்திச்சுப் போறாரு. உப்பு இருக்கா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டேங்காரு. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்று அக்கா என்னிடம் போனில் சொல்லியிருந்தாள்.

அதனால் இந்தச் சீரில் அத்தானுக்கென்று ஒன்று இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். சமையல் சாமான்தான் கொடுக்க வேண்டும் என்றும், ஆனால் அது இன்னொரு கேலியாகத் தெரியக் கூடாது என்றும் சொன்னேன். "படிச்சவன் நீ. நீயே பாத்து வாங்கு" என்று அப்பா முடித்துவிட்டார். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். முடிவெடுக்கச் சிரமமான காரியமெல்லாம் இப்படித்தான் என்னிடம் வந்து சேரும்.

போனில் தேடிப் பார்த்தேன். சமையலில் ஆர்வம் உள்ளவருக்கு என்ன பரிசு தரலாம் என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். அளவுக் கோப்பைகள், கண்ணாடிக் குப்பிகளில் வெளிநாட்டு இலைப்பொடிகள், நெஞ்சில் ஏதோ வாசகம் அச்சிட்ட ஏப்ரன். அத்தான் அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்பதையும் சித்தப்பா அதைப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்துவிட்டுப் போனை மூடினேன்.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. முன்பு ஒருநாள் பாத்திரக் கடை வாசலில் அத்தான் ஒரு கனத்த இரும்புச்சட்டியைத் தூக்கிச் சுண்டிப் பார்த்தார். "எங்கம்மா வச்சிருந்தா இதே மாதிரி. கத்திரிக்கா வதக்கணும்னா இதுலதான் வதக்கணும் மாப்ளே. அதை எங்க மதினி வச்சிக்கிட்டா" என்றார். வாங்கவில்லை.

எனக்குத் தென்காசியில் அலுவலக வேலை. சனியும் ஞாயிறும் லீவு. ஞாயிற்றுக்கிழமை பாத்திரக் கடை திறக்காது. ஆகவே சனிக்கிழமை காலை ரதவீதிக்குப் போய், இருந்ததிலேயே கனமான சட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பையை எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, அங்கனயே நில்லு. இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரும்பு சனிக்கு உரியது. சனிக்கிழமை அதை வாங்கக் கூடாது. யாருக்கும் சும்மா கொடுக்கவும் கூடாது, கொடுத்தால் வாங்குகிறவர் தலையில் சனி ஏறும். எல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். வேலைக்குச் சேர்ந்தபின் சனி என்பது எனக்கு லீவின் பெயராக மட்டும் ஆகிவிட்டிருந்தது.

"சனிக்கிழமை போயி இரும்பத் தூக்கிட்டு வந்திருக்கான், அதுவும் பால் காய்ப்பு வீட்டுக்கு" என்று அம்மா உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"காலேஜ்ல கிழமை சொல்லிக் குடுக்கல போல" என்றது அப்பாவின் குரல்.

சட்டி வீட்டுக்குள் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தோம். திருப்பிக் கொடுக்கலாமென்றால் மறுநாள் கடை இல்லை, அதற்கு மறுநாள் விசேஷம். ஞாயிறு மத்தியானம் அம்மாவே ஒரு வழி சொன்னாள். "சும்மா குடுத்தாத்தான தோஷம்? அவரு வெலைக்கு வாங்கிக்கிடட்டும். சீர்த்தட்டுல மட்டும் வைக்கப்பிடாது."

திங்கட்கிழமை பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் தாம்பாளத்தில் போயின. சட்டி என் பைக்கில் துணிப்பைக்குள் போயிற்று. பால் பொங்கியது. எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கவனிக்காதபோது கொடுத்துவிடலாம் என்று அத்தானை வாசலுக்குக் கூப்பிட்டேன். ஆனால் சித்தப்பா பின்னாலேயே வந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அத்தான் பையைத் திறந்து பார்த்தார்.

"இத உங்களுக்குச் சும்மா தரக் கூடாதாம் அத்தான். நீங்க துட்டு குடுத்து வாங்கணும்."

"பாத்தீரா வே, மாப்பிள்ளைக்குச் சட்டி யாவாரம் பண்ணுதான்" என்றார் சித்தப்பா. சிரிப்பு எழுந்தது. பொங்கலன்று கேட்ட அதே சிரிப்பு. அத்தான் சட்டியைப் பைக்குள் திரும்ப வைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள்.

அத்தான் சட்டியை வெளியே எடுத்தார். விரல் முட்டியால் தட்டினார். வெயிலுக்கு நேராகத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"என்ன வெல சொல்லுத?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க."

"ஒரு பக்கம் கனம் கூட இருக்கு. அடுப்புல ஆடும். எட்டணாதான் தருவேன்."

"எட்டணா செல்லாது அத்தான்."

"அப்பம் ஒரு ரூவா. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது. தென்காசி யாவாரிட்ட ஏமாற முடியாதுல்லா."

இந்தமுறை சிரித்தவர்கள் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். புது வேட்டியில் பணம் இல்லை. "ஏட்டி, ஒரு ரூவா இருந்தா எடு" என்றார். அக்கா ஆரத்தித் தட்டைப் பார்த்தாள், அதில் கிடந்தது சாமித் துட்டு என்று விட்டுவிட்டாள்.

"போன்ல அனுப்பிரும்" என்றார் சித்தப்பா.

"துட்டு கையில விழணும்" என்றாள் அம்மா.

அக்கா பர்ஸைக் கவிழ்த்துத் தேடி, கிடைத்த ஒற்றை நாணயத்தைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். மீதி கொடுக்க என்னிடம் சில்லறை இல்லை.

அத்தான் சட்டியோடு கூட்டத்தைக் கடந்து அடுக்களைக்குள் போனார். உள்ளே அரிசி களைந்த தண்ணீரை அதில் ஊற்றும் சத்தம் கேட்டது. சித்தப்பா வாசலில் நின்றபடியே, "எப்பம் மாப்பிள்ளை சாப்பிட வர?" என்றார். கேலியா நிஜமா என்று அவர் குரலில் தெரியவில்லை.

"நாலு நாள் கழுநீர்ல ஊறணும், பெறவு எண்ண தடவிக் காய்ச்சணும் மாமா. அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க" என்று பதில் வந்தது. "வரும்போது கத்திரிக்கா வாங்கிட்டு வாங்க. காம்பப் பாத்து வாங்குங்க."

அந்தச் சட்டியில்தான் இப்போதும் வதக்குகிறார். அடியில் ஒரு பக்கம் கனம் என்பது உண்மைதான், அடுப்பில் ஆடுகிறது. அவர்களுக்கு அதற்கு ஆன செலவு இரண்டு ரூபாய்.