டாக்டரிடம் சொல்லாத கஷாயம்

சிதம்பரத்தில் இருந்தவரை எங்கள் வீட்டில் குதிரை வாடையோடுதான் பொழுது விடியும். என் மாமனார் கல்யாண ஊர்வலங்களுக்காக வெள்ளைக் குதிரை ஒன்று வைத்திருந்தார். இப்போது கடலூரில் மாடி வீட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு அந்தக் குதிரை நினைவில்லை. எனக்கு அந்த வாடைகூட ஏக்கமாக இருக்கிறது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் காலையில் குதிரை தீவனத்தைத் தொடவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. முன்காலால் மண்ணைக் கீறியது. வயிற்று வலி. மாமா ஓமம், சுக்கு, பெருங்காயம் போட்டுக் காய்ச்சி, அதன் தலையை உயர்த்திப் பிடித்து மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினார். பாதி வெளியே வழிந்தது. குதிரை இருமியது. அந்த இருமல் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கால்நடை டாக்டர் வந்ததும் கேட்டார். "வாயில ஏதாச்சும் ஊத்தினீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் மாமா. நாட்டு வைத்தியம் என்று தெரிந்தால் டாக்டர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அவருக்குப் பயம்.

மாமனார் சொன்னதை மருமகள் மறுப்பதா? சொல்லாமல் இருந்து, குதிரை செத்துப்போனால்?

"கஷாயம் குடுத்தோம் டாக்டர். இருமிச்சு."

மாமா என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் குதிரையின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நெஞ்சுல கோளாறு இல்ல. கஷாயம் தப்புன்னு சொல்லலய்யா. வலியில இருக்கறப்ப ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். நீங்க மறைச்சா, உங்க குதிரயா வந்து எங்கிட்ட சொல்லும்?"

"அது சொல்லாது. எம் மருமவ சொல்லுவா," என்றார் மாமா. அது கோபமா கேலியா என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். மூக்கு வழியாக வயிறுவரை குழாய் விட்டு எண்ணெய் செலுத்தினார். "இனிமே உங்க கை வேலதான். வயித்தத் தேய்ச்சு, மெதுவா நடத்துங்க. லத்தி போட்டுட்டா பயமில்ல. கஷாய சாமான, குணமானப்புறம் தவிட்டுல கலந்து குடுங்க," என்றார்.

மாமா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தார், நடத்தினார், மறுபடி தேய்த்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரமே நின்றேன். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமோ என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் குதிரை வாலைத் தூக்கி லத்தி போட்டது. மாமா குனிந்து குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"இங்க வாம்மா. எவ்ளோ அழகா போட்டிருக்கு பாரு."

போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.