பெட்டரி இறங்கின பாட்டு

அண்ணா பாடினது ஒரு பழைய இங்கிலிஷ் ரொக் பாட்டு. உலகத்தில எல்லாரும் அதை முழுசா பாடுறாங்கள். கொட்டாஞ்சேனையில எங்கட வீட்டில மட்டும் அது ரெண்டாவது சரணத்தோட செத்துப் போகும்.

காரணம் எலி. எங்கட கசட் செட்டின்ட வயரை எலி கடிச்சிட்டுது. புது பெட்டரி வாங்க வீட்டில ஒருத்தரும் காசு தரமாட்டினம். பழசை பல்கனி சுவரில வெயிலுக்கு வச்சு எடுத்துப் போட்டா கொஞ்ச நேரம் பாடும், பிறகு பாடுறவன்ட குரல் இழுபட்டு, கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி போய் நிண்டிடும். இரவல் கசட் வேற, அடுத்த நாள் திருப்பிக் குடுத்தாச்சு. அண்ணா கேட்டது அவ்வளவுதான். அதுதான் வெள்ளைக்காரன்ட ஸ்டைல் எண்டு நினைச்சு, குரல் இறங்குறதையும் சேர்த்தே பாடமாக்கிட்டார்.

வளந்து பெரிசாகி வெள்ளவத்தை கலியாண மண்டபங்களில பேண்டோட பாடேக்கையும் அப்படித்தான். சனம் கை தட்டும். ஒரிஜினல் இப்படி இல்லை மச்சான் எண்டு கீபோர்ட்காரன் சொன்னதுக்கு, "அப்ப ஒரிஜினல்காரன் பிழையா பாடியிருக்கான்" எண்டவர்.

ஞாயிறு மத்தியானத்தில வீட்டில பாடிப் பழகுவார். குரல் கீழ இறங்கி முடிஞ்ச உடன அம்மா குசினியில இருந்து, "முடிஞ்சுதா? கை கழுவிட்டு வா, சோறு போட்டாச்சு" எண்டு சொல்லுவா. எனக்கு அந்த ரெண்டும் சேர்ந்துதான் பாட்டு.

பிறகு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன ஆள், நடந்து வரேல்ல. அவர் பாடின வீடியோ ஒண்டு பழைய போனில இருந்தது. அந்தப் போனும் செத்துப் போச்சு.

இப்ப எனக்கு அவர் சாகேக்க இருந்த வயசு. இந்த வருசம்தான் அம்மா கேக்கத் தொடங்கினவ. "தம்பி, அண்ணான்ட பாட்டை போனில தேடிப் போடு. ஒருக்கா கேக்கோணும்."

தேடினன். ஒருத்தி பியானோ வச்சு அழுது பாடியிருக்கா. ஒருத்தன் டான்ஸ் மிக்ஸ் போட்டு அடி அடியெண்டு அடிச்சிருக்கான். எங்கட நாட்டு ஆக்கள் அதை கலியாண வீட்டில ஆடுற பைலாவாக்கி வச்சிருக்கினம். ஒவ்வொண்டுக்கும் அம்மா கடைசி மட்டும் காத்திருந்து, "இது அவன்ட இல்லை" எண்டா.

"அம்மா, இவங்கள் முழுசா பாடுறாங்கள். மிச்சப் பாதி ஃப்ரீ."

"எனக்கு மிச்சம் வேண்டாம். நீ பாடன்."

"நான் பாடினா பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை வித்திட்டு ஓடிடுவினம்."

பகிடி விட்டுத் தப்பிட்டன். உண்மை என்னெண்டா, என்ட குரல் இப்ப அண்ணான்ட குரலாப் போச்சு. ஹெவ்லொக் டவுன் மாமி ஒருக்கா போன் எடுத்தவ. நான் ஹலோ சொன்ன உடன ஒண்டும் கதைக்காம வச்சிட்டா. அம்மாவுக்கு முன்னால அந்தப் பாட்டைப் பாட எனக்குப் பயம்.

போன ஞாயிறு அம்மா குசினியில தேங்காய் துருவிக்கொண்டு இருந்தா. நான் அறைக்குள்ள சேட் மாத்திக்கொண்டு, தெரியாமலே முணுமுணுக்கத் தொடங்கிட்டன். முதல் சரணம் முடிய நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டேல்ல. அந்த இடம் வந்தது. குரலை இழுத்து கீழ விட்டன்.

தேங்காய் துருவுற சத்தம் நிண்டிட்டுது.

"முடிஞ்சுதா? கை கழுவிட்டு வா, சோறு போட்டாச்சு."

போய் கை கழுவினன். சாப்பாட்டுக் கோப்பையில சோறு, பருப்பு, ஓரத்தில பொரிச்ச கருவாடு. கருவாடு அண்ணாவுக்குத்தான் விருப்பம். எனக்கு அந்த மணமே ஆகாது. அம்மா எனக்கு அதைப் போடுறதே இல்லை.

சாப்பிட்டன். அவ முன்னால இருந்து நான் சாப்பிடுறதைப் பார்த்தா. பார்த்து முடிய, என்ட முகத்தைப் பார்த்து, வழமையான குரலில சொன்னா:

"அவன் இன்னும் கொஞ்சம் கீழ போவான். வாற ஞாயிறு சரியாப் பாடு."

ஓம் எண்டன்.