யோகராஜின் ஏழு வருடம்

கடைசிப் பக்கத்திலிருந்துதான் யோகராஜ் ஆரம்பிப்பார். தலைப்பு, எழுதியவர் பெயர், முன்னுரை எதுவும் அவருக்கு வேண்டாம். ஆராய்ச்சிக் கட்டுரையைக் குப்புறப் போட்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளி, மேற்கோள் பட்டியலைத் தாண்டி நிற்பார். அங்கே சின்ன எழுத்தில் நாலு வரி நன்றியுரை இருக்கும். ஒரு பக்கக் காம்பு ஒடிந்து தூண்டில் நரம்பால் கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை வரிக்கு வரி நகர்த்துவார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தன் பெயர் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியும். நகம் கடைசி வரியில் நின்றதும், "இதுல நம்ம இல்லீங்க சார். அடுத்தத குடுங்க" என்பார்.

போர்ட் பிளேரில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நெல், தென்னை, ஆடு, மீன், பவளப்பாறை என்று எல்லாத் துறைகளும் உண்டு. ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. நெல்காரர் எழுதியதை மீன்காரர் தொட்டுப் பார்க்க மாட்டார். எல்லாத் துறைகளும் கலந்த ஒரே ஆள் யோகராஜ்தான். காலையில் பவளப்பாறைக்காரர்களுக்குப் படகு ஓட்டுவார், மத்தியானம் வயலில் உப்புத்தண்ணீர் மொண்டு பாட்டிலில் அடைப்பார், சாயங்காலம் ஆட்டுக்கு ஊசி போடும்போது காலைப் பிடித்துக்கொள்வார். இருபத்தேழு வருடமாகத் தினக்கூலி. நானும் இங்கே ஒரு விஞ்ஞானி. வருடா வருடம் நிலையத்தின் கட்டுரைகள் எத்தனை, அவற்றை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுத்து மெயின்லேண்டுக்கு அனுப்புவதும் என் தலையில் விழுந்த வேலை. அதனால்தான் அவர் என்னிடம் வந்தார்.

இலங்கைத் தேயிலை மலையில் பிறந்தவர். எட்டு வயதில் பெற்றோரோடு கப்பலேறி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, முப்பது வயது தாண்டும்வரை அங்கே பால் வெட்டினார். தொண்ணூற்றெட்டில் எங்களிடம் சேர்ந்தார். வருகிற மே முப்பத்தொன்றோடு அவருக்கு அறுபது. தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்க இப்போது ஓர் உத்தரவு வந்திருக்கிறது. நிரந்தரமானால் பென்ஷன் உண்டு. ஆகாவிட்டால் மே முப்பத்தொன்று சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் தொண்ணூற்றெட்டு முதல் இரண்டாயிரத்து நாலுவரை வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அந்த ஏழு வருடத்து மஸ்டர் ரோல், அதாவது தினக்கூலி வருகைப் பதிவேடு, எல்லாம் கடலோரம் வண்டூர்க் களநிலையத்தில் ஓர் அலமாரியில் இருந்தது. சுனாமி வந்த காலையில் அலமாரியே போய்விட்டது. கச்சாலில் அவருடைய அக்காவும் அன்றைக்குத்தான் போனார். "அக்காவுக்கு சர்டிபிகேட் வந்திருச்சு சார்," என்றார் ஒரு நாள். "இந்த ஏழு வருஷத்துக்குத்தான் ஒண்ணும் வரல."

நான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தேன். இப்போது எழுதுவது செல்லாது, அந்தந்த வருடத்தில் எழுதியதில் பெயர் இருக்க வேண்டும் என்று ஆபீசில் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கட்டுரைகளில் தேடலாமே என்ற யோசனை யோகராஜுடையது. "மத்லப், அதாவது, அப்ப நன்றி சொல்லியிருப்பாங்கல்ல சார், அத அடிச்சு குடுங்க" என்று மூன்று வாரத்துக்கு முன் வந்து நின்றார்.

எதை எடுத்தாலும் சீட்டு எழுதி ஒட்டுவது அவருடைய பழக்கம். இடம், தேதி, ஆழம். தமிழில் பேசுகிறவர் இந்த மூன்றையும் எங்களைப் பார்த்துப் பழகிய இங்கிலீஷ் எழுத்தில் படம் வரைவதுபோல வரைவார். வீட்டு ஊறுகாய் பாட்டிலிலும் ஒட்டியிருப்பதாக அவர் மனைவி ரெங்கம்மா சொல்லிச் சிரிப்பார். அவற்றில் ஆதாரம் கிடைக்குமா என்று சேமிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். பழைய பாட்டில்கள் வரிசையாக இருந்தன, எல்லாச் சீட்டும் அவருடைய கையெழுத்து. 'சேகரித்தவர்' என்ற இடத்தில் மட்டும் விஞ்ஞானிகளின் பெயர். ஒரு வரிசை முழுக்க என் பெயரை அவர் கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தார். 

தேடல் லேசில் முடியவில்லை. மனைவியின் பொறுமைக்கு நன்றி சொன்னவர் இருந்தார். 'எங்கள் படகோட்டிக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கடலில் ஒரே ஒரு படகோட்டிதானா என்று ஆபீசில் தள்ளிவிட்டார்கள். இன்னொருவர் படகின் பெயரைப் போட்டு அதற்கு நன்றி சொல்லியிருந்தார். யோகராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "போட்டு தன்னால ஓடிருச்சு போல சார்." அப்படியும் ஆட்டுக் கட்டுரையில் ஒன்று, தென்னையில் ஒன்று என்று ஆறு வருடத்துக்கு அவர் பெயர் கிடைத்துவிட்டது. இரண்டாயிரத்து இரண்டு மட்டும் பாக்கி; ஒரு வருடம் விட்டாலும் ஆபீசில் ஏற்க மாட்டார்கள். அதை அவர் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். "அது நம்ம நண்டு வருஷம். பூரா வருஷமும் உங்க கூடத்தானே கெடந்தேன். அதுல பக்கா சார், ஓடியா போகுது?"

நண்டுக் கட்டுரை நான் எழுதியது. வண்டூர்ப் பக்கத்து அலையாத்திக் காட்டு ஓடையில் ஒரு வருடம் வேலை. முதலை நடமாடுகிற ஓடை. துடுப்பால் தண்ணீரை அடித்துப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் இறங்குவார், பிறகு நான். மத்தியானம் படகில் ரெங்கம்மா சுட்ட தேங்காய் ரொட்டியைப் பிய்த்துப் பாதி தருவார். "இந்த நண்டு தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே மரத்துல ஏறிருது சார், கடியாரம் பாத்து வச்சாப்ல" என்று முதலில் சொன்னதும் அவர்தான். அதைத்தான் நான் பதினெட்டுப் பக்கத்துக்கு எழுதினேன். இன்றுவரை நூற்றெண்பத்தாறு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நான் தொகுக்கிற பட்டியலில் ஒவ்வொரு வருடமும் அதுவே முதலில் நிற்கிறது.

நன்றியுரையில் என்ன இருக்கிறது என்பது ஞாபகமில்லை என்று சொன்னால் பொய். அவர் வந்து கேட்ட முதல் நாளே எடுத்துப் பார்த்துவிட்டேன். மூன்று வாரமாக மற்றவர்களின் கட்டுரைகளை மாய்ந்து மாய்ந்து அச்செடுத்துக் கொடுத்ததும் அதனால்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. மழைக்கோட்டோடு வந்தவர் முதலில் ஒரு டப்பாவை மேஜையில் வைத்தார். மூடியில் சீட்டு: வண்டூர், அன்றைய தேதி. உள்ளே தேங்காய் ரொட்டி. "கடைசி வருஷம்ல, அதான் சுட்டுக் குடுத்தா" என்றார். மற்ற ஆறு கட்டுரைகளும் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தன. நான் அச்செடுத்து நீட்டினேன். குப்புறப் போட்டார், பின்னாலிருந்து தள்ளினார், நகம் இறங்கியது. கடைசி வரிக்குப் போய் மறுபடி மேலே வந்தது.

"பக்கம் எதும் விட்டுப்போச்சுங்களா சார்?"

"இல்ல யோகராஜ். எல்லாம் இருக்கு."

"அப்ப படிங்க, யாரு யாருன்னு கேப்போம்."

படித்தேன். இயக்குநருக்கு நன்றி. பண உதவி செய்த நிறுவனத்துக்கு நன்றி. கட்டுரையைப் பார்த்துத் திருத்தம் சொன்ன, பெயர் தெரியாத இருவருக்கு நன்றி.

"பேரு தெரியாதவங்களுக்கா?"

"ஆமா. அவங்க யாருன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

"அச்சா," என்றார்.  பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "அந்த நாலு வரிக்குள்ள எம்பேருக்கு ஜகா பத்தாம இருந்திருக்கும்" என்றார்.  இடம் இருந்தது. பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது, அவருக்கு முன்னாலேயே.

பிறகு, எந்தக் கட்டுரையிலும் அவர் திருப்பாத முதல் பக்கத்தைத் திருப்பினார். தலைப்புக்குக் கீழே என் பெயர். பாட்டில் சீட்டுகளில் எழுதி எழுதி அதன் உருவமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் அடியில் நகத்தை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாக நகர்த்தினார். மற்ற ஆறையும் பைக்குள் வைத்து மூடிக்கொண்டு, இதை மட்டும் என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.