ஈமுவோடு அம்மா போன ஊர்வலம்

அந்தக் காலத்தில் கப்பலில் வரும் மிருகங்கள் வலியதுறைக் கடற்பாலத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் ஏறி, திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகம் தெருமுனை வழியாக மியூசியத் தோட்டத்து மிருகக்காட்சிசாலைக்குப் போகும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்படிப் போன வண்டி ஒன்றின் சக்கரம் முனைச் சாக்கடையில் இறங்கிவிட்டது. மேலிருந்த மரக்கூண்டு சரிந்து விழுந்து உடைந்தது. உள்ளேயிருந்து ஓர் ஈமு எழுந்து நின்றது.

அது ஈமு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது; நெருப்புக்கோழி என்றே நினைத்தோம். "ஒட்டகப் பட்சி! ஒட்டகப் பட்சி!" என்று தெருவே கூவியது. ஆள் உயரம் இருந்தது. இறகெல்லாம் வாராத தலைமயிர்போலத் தொங்கியது. கழுத்தில் நீலம் பாய்ந்திருந்தது. கூச்சலில் மிரண்டு, திறந்திருந்த முதல் வாசலுக்குள் அது பாய்ந்தது. அது எங்கள் வீடு.

அக்கிரகாரத்து வீடுகள் வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோடு. நடுக்கூடத்தில் அத்தை உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், சிறு வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அப்பாகூட மறுத்துப் பேசமாட்டார். வயது வந்த வீட்டுப் பெண்கள் தெருக்கோவிலைத் தாண்டிப் போகக்கூடாது என்பது அந்தச் சட்டங்களில் முதலாவது. அத்தையும் அதை மீறியதில்லை. ஈமு கீரையை மிதித்துக்கொண்டு, அத்தையைக் கடந்து, கொல்லைப்பக்கம் ஓடிற்று.

கிணற்றடியில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. முதலில் கொல்லையின் பின்கதவைத் தாழிட்டாள். பிறகு கொடியிலிருந்த அப்பாவின் பூஜை வேஷ்டியை உருவி, உதைக்கிற மாட்டை நெருங்குகிற மாதிரி பக்கவாட்டில் மெதுவாகப் போய், அதன் தலைமேல் போட்டுக் கண்ணை மூடினாள். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றாள். ஈமு அப்படியே நின்றுவிட்டது. பானையைத் தட்டினாற்போல் ஓர் ஓசை மட்டும் அதன் தொண்டைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

வண்டியோடு வந்த மிருகக்காட்சிசாலைச் சேவகர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "விடல்லே, மாமீ, விடல்லே! இது போயா என்றெ ஜோலியும் போச்சு!" பிடியை விட்டுவிட வேண்டாம் என்று மலையாளத்தில் கெஞ்சினார்.

அவர் வேஷ்டியை வாங்கிப் பிடித்தார். அடுத்த கணம் முழங்காலில் உதை வாங்கிக் கிணற்றோரம் உட்கார்ந்தார். அம்மா திரும்பப் பிடித்ததும் பறவை அடங்கிற்று. வண்டிக்காரன் பிடித்துப் பார்த்தான். அவனுக்கும் அதே மரியாதை. ஒருவழியாக, அம்மா தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடம்பைத் தூக்கி வந்து, சாக்கடையிலிருந்து மேலேற்றிய வண்டியில் உட்காரவைத்துக் காலைக் கட்டினார்கள். அம்மா கையை எடுக்கப் பார்த்தாள். வண்டியே குலுங்கியது.

சேவகர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். அம்மா அத்தையைப் பார்த்தாள்.

"என்னடீ பார்க்கறே? மியூசியம் வரைக்கும் போகப்போறியா? ஊர் சிரிக்கும்!"

"நான் கையெடுத்தா இது துள்ளிக் காலை ஒடிச்சுக்கும் அக்கா. பாவம் இந்த மனுஷனுக்கும் வேலை போயிடும். போயிட்டு வந்துடறேன்."

அம்மா அத்தைக்குப் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். யாரும் கூப்பிடாமலே நானும் ஏறிக்கொண்டேன்.

அப்படி ஓர் ஊர்வலத்தைத் திருவனந்தபுரம் அதற்குமுன் கண்டிருக்காது. கிழக்கே கோட்டை வாசலில் பூக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பழவங்காடியில் போலீஸ்காரர் எதிரே வந்த ஜட்காக்களை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன்; எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

அப்பாவுக்கு வழியிலிருந்த சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை. தெருவில் கூச்சல் கேட்டு எல்லாரோடும் அவரும் வராந்தாவுக்கு வந்திருக்கிறார். அவருக்கு முதலில் அடையாளம் தெரிந்தது அம்மாவை அல்ல, வேஷ்டியின் கரையை. "அப்பா!" என்று நான் கையை ஆட்டினேன். பக்கத்திலிருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார்.

மிருகக்காட்சிசாலையில் வேலி போட்ட புல்வெளிக்குள் பறவையை இறக்கி, கால்கட்டை அவிழ்த்தபின் அம்மா வேஷ்டியை உருவினாள். ஈமு தலையை உதறிக்கொண்டு, கழுத்தை நீட்டி ஓட ஆரம்பித்தது. வெகுநேரம் சுற்றிச் சுற்றி ஓடியது. எல்லோரும் கைதட்டினோம். அங்கிருந்த பெரிய அதிகாரி தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். சேவகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அப்பா குடையும் கையுமாக ஓடிவந்தார். திட்டு நிச்சயம் என்று நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். அப்பா பறவையைப் பார்த்தார், அம்மாவின் சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்கறதா?" என்றார்.

"இல்லேண்ணா. வந்ததுதான் வந்தோம், மத்ததையும் பார்த்துட்டுப் போலாமே."

அம்மா முன்னால் நடக்க நாங்கள் இருவரும் பின்னால் போனோம். சிங்கம் கொட்டாவி விட்டது. "இதுவா சிங்கம்? சும்மா படுத்துண்டிருக்கே" என்றாள் அம்மா. அப்பா உரக்கச் சிரித்தார்.

வீடு திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்றாள் அத்தை. ஆனால் வெந்நீர் தயாராக இருந்தது. குளித்து வந்ததும் காபி கொடுத்து, அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"பழவங்காடி தாண்டினா ரெண்டு பக்கமும் மரமா?"

"நல்ல நிழல் அக்கா."

"கச்சேரி அவ்வளவு பெரிசா? மேட்டுல ஏர்றச்சே காத்து வருமோ? பொம்மனாட்டிகள் யாராவது நடந்து போறாளோ?"

அம்மா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அத்தை கேட்டதையே திரும்பக் கேட்டாள். ஈமு ஓடிய ஓட்டத்தை நான் நடித்துக் காட்டப் போனேன். "சும்மா இருடீ" என்று என்னை விலக்கிவிட்டு, "அப்புறம், அந்த ரோடு எங்கே திரும்பறது?" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவோடு நான் எத்தனையோ முறை நடந்த ரோடு அது. கடல் தாண்டி வந்த பறவையை விட்டுவிட்டு, தினமும் அங்கேயே கிடக்கிற ரோட்டைப் போய் யாராவது விசாரிப்பார்களா? அத்தைக்குக் கதை கேட்கவே தெரியவில்லை என்று முடிவு செய்து, நான் விளையாடப் போய்விட்டேன்.